காய்ச்சல் இல்லாதவனுக்கு லீவு இல்லை

என் பெயரும் தகப்பனார் பெயரும் முதல் தாளில் எழுதியபடி. வயது நாற்பத்து மூன்று. ஓட்டல்களின் விரிப்புகளையும் திரைச்சீலைகளையும் வெளுத்துத் தரும் சலவைக்கூடத்தில், இஸ்திரிப் பிரிவில் வேலை செய்கிறேன். கூடத்தின் பின்தெருவில் ஒரு மாடி அறையில் நானும் என் தம்பியும் குடியிருந்தோம். இப்போது நான் மட்டும் இருக்கிறேன்.

என் தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போனதால் என்னுடையதில் ஒன்றைக் கொடுத்தேன். அதை அவன் உடம்பு தள்ளிவிடாமல் இருக்க ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும் என்றும், அந்த மாத்திரை நோயை எதிர்க்கும் சக்தியையும் சேர்த்து அடக்கிவிடும் என்றும், நுரையீரலில் கிருமி புகுந்தால்கூடச் சில சமயம் காய்ச்சல் காட்டாது, இருமலும் களைப்பும் வந்தாலே ஓடி வாருங்கள் என்றும் டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். அதன் பிறகு தம்பி அழுக்குத் துணி பிரிக்கும் பகுதியில் மறுபடி வேலைக்குச் சேர்ந்தான். மாத்திரைச் செலவு கூடத்தின் காப்பீட்டில் வந்தது. வேலை போனால் மாத்திரை போகும், மாத்திரை போனால் சிறுநீரகம் போகும், ஆகவே சொல்லாமல் கொள்ளாமல் வீட்டில் படுக்க அவனால் முடியாது.

எங்கள் மேற்பார்வையாளர் நெற்றிக்கு நேரே பிடித்துப் பார்க்கும் வெப்பமானியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிவார். அதில் நூறு காட்டினால்தான் லீவு என்பது அவர் சட்டம். அதனால் அவருக்கு 'நூறு டிகிரி' என்று பட்டப்பெயர். வைத்தவன் என் தம்பிதான்.

சென்ற மாதம் தம்பிக்கு இருமல் வந்தது. மாடிப்படி ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டான். அதன் பிறகு காலையில் அவனை அழைத்துக்கொண்டு மேற்படி மேற்பார்வையாளரிடம் போய், டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் வெப்பமானியை நீட்டிப் பார்த்துவிட்டு எல்லார் முன்னாலும், "காய்ச்சலே இல்ல, என்ன நடிப்பு? அக்கா குடுத்த பார்ட்டு புதுசுதானே, வண்டி ஓடும், போ" என்றார். சிலர் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான், சிரித்ததில் இருமல் பிடித்துக்கொண்டது. மறுநாளும் அதற்கு மறுநாளும் இதே கதைதான். அதன் பிறகு விரிப்புக் குவியல் மேலேயே அவன் சாய்ந்துவிட்டான். உதடு நீலம் பாரித்திருந்தது. "அக்கா, மூச்சு முட்டுது" என்றான். ஆஸ்பத்திரியில் படம் எடுத்தபோது ஒரு பக்க நுரையீரல் முழுக்க வெள்ளையாக இருந்தது. நிமோனியா என்றார்கள், கிருமி ரத்தத்திலும் கலந்துவிட்டது என்றார்கள். "முன்னாடியே வந்திருந்தா மருந்துக்குக் கேட்டிருக்கும். காய்ச்சல் வரட்டும்னா காத்திருந்தீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். தம்பி பிழைக்கவில்லை. அவனோடு என் சிறுநீரகத்தையும் சேர்த்துத்தான் அடக்கம் செய்தோம்.

அதன் பிறகு வேலைக்குத் திரும்பினேன். தெய்வம் நின்று கொல்லும் என்று பக்கத்து மேஜைக்காரி தேற்றினாள். அது நிற்கிற வரை நிற்கட்டும், எனக்குக் கால் வலிக்கிறது என்றேன்.

சம்பவத்தன்று பகலில், திரைச்சீலை உலர்த்தும் சூட்டறைக்குள் மேற்படியார் குழாயைப் பார்க்கப் போனார். நான் வெளித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, நீராவியை முழுதாகத் திறந்துவிட்டேன். அவர் கதவைத் தட்டி, "அம்மா, மூச்சு முட்டுது, திறங்க" என்றார். "நடிக்காதீங்க சார்" என்றேன். அதன் பிறகு தட்டுவது நின்றது. பின்பு நானே கதவைத் திறந்து, கீழே கிடந்தவரின் இடுப்பிலிருந்து வெப்பமானியை உருவி நெற்றிக்கு நேரே பிடித்தேன். நூற்று மூன்று காட்டியது. இனி லீவு எடுத்துக்கொள்ளலாம் என்று அவரிடம் சொல்லிவிட்டு, ஆட்களைக் கூப்பிட்டேன். அவர் பிழைத்துக்கொண்டதாக இங்கே ஸ்டேஷனில் சொன்னார்கள். பிழைத்தது நல்லது. செத்தவனுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது.

இதை எழுதிய அதிகாரி என்மேல் இரக்கப்பட்டு, 'ஆத்திரத்தில் என்னை மறந்து' என்று ஒரு வரி சேர்த்திருந்தார், அது இருந்தால் தண்டனை குறையும் என்றார். படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு, அந்த வரியை மட்டும் அடிக்கச் சொன்னேன். நான் என்னை மறக்கவில்லை. மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அத்தனையும் உண்மை. வரி அடித்த இடத்தில் ஒன்று, இதன் கீழே ஒன்று, இரண்டும் என் கையெழுத்து.