பேச்சில்லாத படத்தைக் கொண்டுவந்தவள்

ஓசூரில் கிருஷ்ணகிரி வண்டி கிளம்பக் காத்திருந்தது. எனக்கு முன் இருக்கையில் கம்பெனிச் சீருடையில் இரண்டு பெண்கள். மூத்தவள்தான் ஆரம்பித்தாள்.

"படத்துல ஒருத்தரும் வாயே தொறக்கல. எங்க லைன் மொத்தமும் அழுதுச்சு."

"என்ன படம்க்கா?"

"வெளிநாட்டுக் கார்ட்டூன். நம்மகூட அசெம்பிளி லைன்ல வேல பாத்த ஸ்டெல்லாதான் வாங்கியாந்து ரிலீஸ் பண்ணா. கம்பெனில பல பாஷைக்காரங்க இருக்காங்களே, படம் தமிழா, கன்னடமா, தெலுங்கான்னு தியேட்டர்காரரு கேட்டாரு. பேச்சே இல்லாத படமா கொண்டாந்துட்டா. ஷிப்ட் முடியிற நேரத்துக்கு ஷோ வெச்சா."

"இந்தப் படத் தொழில தனியாவா பண்றா?"

"தனியாத்தான். இப்ப பெங்களூர் தியேட்டர்காரங்களே அவளத் தேடி இங்க வராங்க."

வண்டி நகர்ந்தது. டிக்கெட் வாங்கிக்கொண்டே மூத்தவள் தொடர்ந்தாள்.

"பக்கத்து மிஷின் ஒடிசா பொண்ணு, என் கையப் புடிச்சிக்கிட்டேதான் படம் பாத்தா. மூணு வருசமா பக்கத்துல நிக்கிறோம். அன்னிக்குத்தான் அவ பேரக் கேட்டேன்."