ஓரம் கிளறாத கோழிகள்

கோழிக்கு ஓரம்தான் பிடிக்கும். நடுவில் எவ்வளவு நல்ல மண்ணைக் கொட்டி வைத்தாலும் வேலியடியில் போய்த்தான் கிளறும். நீங்கள் சுவரைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். சுவர் கடைசியில்தான் வருகிறது. எதையும் அடித்தளத்திலிருந்து ஆரம்பித்தே எனக்குப் பழக்கம். முப்பத்தொரு வருடம் கட்டட மேற்பார்வையாளராக இருந்தவன்.

ஓய்வு பெற்றதும் பதின்மூன்று கோழிகள் வாங்கினேன். மேற்பார்வை பார்க்க ஏதாவது வேண்டுமே. மனைவி அதற்கு ஒத்துவரவில்லை.

மனை அப்பா விட்டுப் போனது. பாதி அண்ணனுக்கு, பாதி எனக்கு. நடுவில் கம்பி வலை. வலை முடிகிற இடத்தில் பழைய கருங்கல் சாமான் அறை. அறை என் பங்கு. அதன் வெளிச்சுவர் அண்ணன் கொல்லையைப் பார்த்து நிற்கும். வலையை ஒட்டி என் பக்கத்தில் கோழி அடைப்பு.

அண்ணன் குடியிருப்போர் சங்கத்தின் தலைவர். தெருவில் வேகத்தடை போட்டதற்கு நாடா வெட்டித் திறப்பு விழா நடத்தியவர். குப்பை கொட்டப் போனாலும் இஸ்திரி போட்ட சட்டைதான். ஆனால் எனக்கு சைக்கிள் பிடித்துக் கற்றுக்கொடுத்தது அவர். அவர் பேச்சை நான் தட்டியதில்லை.

கோழிகள் அண்ணன் பக்கத்து ஓரத்தை மட்டும் கிளறின. நான் மூட, அவை தோண்ட, மறுநாள் ஒரு கோழி நுழைகிற அளவுக்குப் பள்ளம். அண்ணனிடம் யோசனை கேட்டேன். நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டு சுற்று நடந்தார்.

"இது லேசுப்பட்ட விஷயமில்ல தம்பி. ஆராய்ச்சி பண்ணித்தான் சொல்லணும்."

ஆராய்ச்சி செய்து, செங்கல் புதைக்கச் சொன்னார். புதைத்தேன். பிறகு வலையை மண்ணுக்குள் ஒரு சாண் இறக்கச் சொன்னார். இறக்கினேன். கோழி ஒரு சாணும் நாலு விரலும் தோண்டியது. இப்படி இரண்டு வருடம்.

இதற்கிடையில் முட்டை குறைந்தது, தீனி குறையவில்லை. முட்டையிடாத கோழிகளில் நான்கை ஒவ்வொன்றாகத் தீர்த்தேன். கோபத்தில் அல்ல, தகுதி பார்த்து. சமைத்த நான்கு முறையும் அண்ணன் வந்தார். காலைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"மலட்டுக்கோழின்னாலும் கறி மெத்துன்னுதான் இருக்கு" என்றார்.

போன மாதம் எனக்குக் காய்ச்சல். அண்ணன் ஆறு முட்டையைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்தார்.

"நம்ம வீட்டு முட்டைடா. தெம்பாயிரு."

சங்கக் கூட்டத்திலும் அவர் இப்படித்தான் முட்டை கொடுப்பார். 'தலைவர் வீட்டு முட்டை' என்று கை தட்டி வாங்கிக்கொள்வார்கள். தலைவர் வீட்டில் கோழியே கிடையாது என்பது ஒருவர் மண்டையிலும் உறைக்கவில்லை. என் மண்டையிலும்தான். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

நான்காவது முட்டையை உடைக்கப் போகும்போது பார்த்தேன். அகன்ற முனையில் செம்புள்ளிகள். அப்படி முட்டையிடுவது ஒரே கோழிதான். நாளெல்லாம் மற்ற கோழிகளைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே நடக்கும்; அதனால் அதற்கு மேஸ்திரி என்று பெயர். அதுவும் மாதக்கணக்காக முட்டையிடவில்லை என்று எண்ணி, ஐந்தாவதாக அதைத்தான் குறித்து வைத்திருந்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சாமான் அறைக்குள் போய்ச் சுவர் இடுக்கில் கண்ணை வைத்தேன். சுவரடியில் ஸ்டூல் போட்டு அண்ணன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வைக்கோல் போட்ட மரப்பெட்டி. இஸ்திரி போட்ட சட்டைப் பையிலிருந்து உடைத்த சோளத்தை எடுத்து, வலையடியில் தூவினார்.

"பா, பா. வாடி கண்ணு. அவன் மூடினா மூடிட்டுப் போறான், நீ தோண்டு."

மேஸ்திரி பள்ளம் வழியாகப் போய்ப் பெட்டியில் உட்கார்ந்தது. முட்டையிட்டது. சோளம் தின்றது. வந்த வழியே திரும்பியது. இத்தனை ஒழுங்கை அது என்னிடம் ஒருநாளும் காட்டியதில்லை.

மனைவியிடம் சொன்னேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"எனக்கு முன்னமே தெரியும்."

"தெரிஞ்சும் சொல்லலையா?"

"முட்டைதானே. உங்க அண்ணன் வீட்டுக்குத்தானே போகுது, அசலூருக்கா போகுது? அவர் பிள்ளைங்களும் பக்கத்துல இல்ல. அவருக்கு வேற என்ன பொழுதுபோக்கு?"

"அப்ப அந்த நாலு கோழி?"

"அதை அறுத்தது நீங்கதானே."

யோசித்துப் பாருங்கள். நான்கு நிரபராதிகளை என் கையாலேயே தண்டிக்க வைத்திருக்கிறார்கள். ஒருவர் காலைக் கேட்டு வாங்கித் தின்றார்; இன்னொருத்தி அதைச் சமைத்துப் போட்டாள்.

நான் சண்டை போடவில்லை. சண்டையால் பள்ளம் மூடாது. ஓரத்தில் நீளமான, கனமான கல் பதிக்க வேண்டும். அது ஒன்றுதான் வழி. அப்படிப்பட்ட கல் என் சாமான் அறைச் சுவரில் இருந்தது. பழைய கருங்கல் சுவருக்கு உள்முகம், வெளிமுகம் என்று இரண்டு உண்டு. இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதற்குக் குறுக்கே நீளக் கற்களைக் கொடுத்திருப்பார்கள். உள்ளிருந்து நெம்பினால் வரும். தினம் ஒன்று எடுத்தேன்.

"ஏது கல்லு?" என்றாள் மனைவி.

"என் பங்குக் கல்லு."

அண்ணன் வலைக்கு அந்தப்புறம் நின்று பார்த்தார். "இப்பதான் தம்பி உருப்படியா ஒண்ணு செய்யுற. நல்ல கல்லு. அப்பா காலத்துக் கல்லு." நோட்டில் குறித்துக்கொண்டார். தம்முடைய யோசனையாக அதைக் கூட்டத்தில் சொல்லியிருப்பார்.

சுவர் விழும் என்று தெரியுமா என்று கேட்டீர்கள். என் தொழிலை அவமதிக்காதீர்கள். பத்தாவது கல்லிலேயே வெளிமுகம் நான்கு விரல் தொந்தி தள்ளியிருந்தது. பதினொன்றாவது கல்லை ஏழு மணிக்கு முன்பே எடுத்திருக்கலாம். எட்டு மணிக்கும் எடுத்திருக்கலாம். ஸ்டூல் இழுபடுகிற சத்தம் கேட்கும்வரை கடப்பாரையோடு நின்றேன். அண்ணன் இருமினார். பா, பா என்றார். நெம்பினேன்.

ஆளைக் கூப்பிடத் தாமதித்தது உண்மைதான். கல்லைக் கழுவி ஓரத்தில் பதித்துவிட்டுத்தான் போனேன். குழைத்த மண் காய்ந்துவிட்டால் கல் பிடிக்காது.

நீங்கள் என்னை ஸ்டேஷனுக்கு அழைத்துவர ஐந்து நாளாயிற்று. ஐந்து நாளும் கவனித்தேன். ஒரு கோழியும் அந்த ஓரத்தில் கால் வைத்துக் கிளறவில்லை. சோளம் போட்ட கை போய்விட்டது, இனி அவை எதற்குக் கிளறும் என்று என் மனைவி உங்களிடம் சொன்னாளாம். அவளுக்குக் கட்டுமானம் தெரியாது. கல் நின்றது, கிளறல் நின்றது. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் எழுதுங்கள். தினம் காலை ஏழு மணிக்கு ஒன்பது கோழிகளும் அந்தக் கல்வரிசை ஓரம் வந்து, சரிந்து கிடக்கிற சுவரைப் பார்த்தபடி, சத்தமில்லாமல் நிற்கின்றன. மேஸ்திரிதான் முதலில் வரும். இரண்டு வருடம் கழித்து, இப்போதுதான் அவை என் பேச்சைக் கேட்கின்றன.