வெள்ளையாகவே இருந்த கைக்குட்டை

மேடையில் இருக்கும் மாநகராட்சி ஆணையர் அவர்களே, ஊழியர் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் மகளோடு அமர்ந்திருக்கும் நம் ஆய்வாளரின் துணைவியாரான அண்ணி அவர்களே, வேலையை நிறுத்திவிட்டு வந்திருக்கும் பட்டறை உரிமையாளர்களே, அந்தப் பட்டறைகளுக்குப் பக்கத்து வீடுகளில் வசிப்பவர்களே, எல்லோருக்கும் வணக்கம். உங்கள் அனைவரையும் சண்டையில்லாமல் ஒரே அறையில் உட்காரவைக்க நம் ஆய்வாளர் ஒருவரால்தான் முடியும். இன்றும் அவர்தான் உட்காரவைத்திருக்கிறார்.

பதினோரு நாட்களுக்கு முன் நெஞ்சுவலி அவரைக் கொண்டுபோய்விட்டது. இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டும் பேசும் கூட்டம் இது. அவரைப் பற்றிச் சொல்ல நல்லதைத் தவிர என்னிடம் வேறொன்றும் இல்லை. என்னைப் பற்றித்தான் இருக்கிறது.

புகையோ தூசியோ நெடியோ கிளப்பும் எந்தத் தொழிலுக்கும் எங்கள் உரிமப் பிரிவின் அனுமதி வேண்டும். அவர் நேரில் பார்த்து எழுதுவார். கண்காணிப்பாளரான நான் கையெழுத்துப் போடுவேன். எப்படிப் பார்ப்பார் தெரியுமா? சொல்லாமல் கொள்ளாமல் போவார். காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கத்து வீட்டுக் கொடியில் ஒரு வெள்ளைக் கைக்குட்டையைக் காயப்போடுவார். சாயங்காலம் எடுத்துவந்து கோப்பில் குத்திவைப்பார். "மூக்கைத் துடைக்க எங்க வீட்டுல ஒரு கைக்குட்டை தங்குறதில்ல" என்று அண்ணி சொல்லிச் சிரிப்பார்.

வார்ப்படப் பட்டறைக்காரர் இங்கேதான் இருக்கிறார். கரி படிந்த கைக்குட்டையைக் காட்டியதும், "சார், அது அவங்க வீட்டு அடுப்புப் புகை" என்று சாதித்தார். "சரி, நாளைக்கு உங்க வீட்டு மாடியில காயப்போடுவோம்" என்றார் நம் ஆய்வாளர். மறு மாதமே புகைபோக்கி உயர்ந்துவிட்டது. தலையாட்டுகிறீர்கள், நன்றி.

ஆனால் ஒரு கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன், கார்களுக்குச் சாயம் அடிக்கும் பட்டறை ஒன்று அனுமதி கேட்டது. நாள் முழுக்கத் தொங்கியும் துணியில் ஒரு புள்ளி இல்லை. அனுமதிக்கலாம் என்று எழுதினார். நானும் கையெழுத்துப் போட்டேன். மூன்று மாதம் கழித்து, அந்தப் பட்டறையின் பின்சுவரை ஒட்டித் தையல் கடை வைத்திருக்கும் அக்கா அலுவலகத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "சார், நீங்க தொங்கவிட்ட துணி வெள்ளையாத்தான் இருந்துச்சு. என் தலைவலியையும் மூச்சுமுட்டலையும் எந்தத் துணியில காட்டுறது?" என்று கேட்டார்.

சாயத்தில் கலக்கும் தின்னரின் நெடி துணியில் படியாது. அது நம் ஆய்வாளருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் இத்தனை வருடம் பொய் சொல்லாத கைக்குட்டையை அவர் நம்பிவிட்டார். அன்றைக்கே தன் கைப்பட எழுதினார்: "என் பரிந்துரை தவறு. மறு ஆய்வு தேவை." கோப்பை என் மேஜையில் வைத்தார்.

நான் என்ன செய்தேன்? "நம்ம கையெழுத்தை நாமளே தப்புன்னு சொன்னா ஆபீஸ் மானம் என்ன ஆகும்? மூணு வருஷத்துல புதுப்பிக்க வருவாங்கல்ல, அப்ப பாத்துக்கலாம்" என்றேன். அவர், "அதுவரைக்கும் அந்த அக்கா மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்க முடியாதே சார்" என்றார்.

அந்தக் கோப்பை நான் கிடப்பில் போட்டேன். சொல்ல வாய் கூசுகிறது, ஆனாலும் அவர் படத்துக்கு முன்னால் சொல்லித்தான் ஆகவேண்டும். அவர் வாராவாரம் அந்தத் தையல் கடைக்குப் போனார். பின்பக்கக் கதவைத் திறந்துவைத்துச் சாயம் அடிக்காதீர்கள் என்று பட்டறைக்காரரிடம் கெஞ்சினார். அதிகாரம் இருந்த நான் மேஜையைவிட்டு எழவில்லை. அதிகாரம் இல்லாத அவர் கெஞ்சிக்கொண்டு திரிந்தார்.

மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்தபோது, "சார், அந்த ஃபைல்?" என்றுதான் கேட்டார். "பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றேன். அது பொய். அது பொய் என்று அவருக்கும் தெரியும். என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அந்தத் தட்டல் இன்னும் என் கையைவிட்டுப் போகவில்லை.

நண்பர்களே, அவர் வழியில் நடப்போம் என்று சொல்லிவிட்டு இறங்குவது சுலபம். அந்தப் பட்டறையின் புதுப்பிப்பு மனு நேற்று வந்துவிட்டது. அவருடைய குறிப்பை இழுப்பறையிலிருந்து எடுத்து, ஆணையர் மேஜையில் இன்று காலை நானே வைத்தேன். தவறு தன்னுடையது என்று அவர் எழுதியிருந்த வரிக்குக் கீழே, ஏறக்குறைய மூன்று ஆண்டுத் தாமதம் என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

கடைசி வரிசையில் கதவோரம் உட்கார்ந்திருக்கும் தையல் கடை அக்கா, ஒரே ஒரு வார்த்தை. திங்கட்கிழமை காலை கடை திறக்கும்போது வருகிறேன். கைக்குட்டை கொண்டுவர மாட்டேன். பட்டறை வேலை முடியும்வரை உங்கள் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கப்புறம்தான் பேனாவைத் திறப்பேன்.