கரியில் ஓடிய கம்பம் பஸ்

யுத்தத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்ததும் தேனி - கம்பம் பஸ்ஸின் முதுகில் ஒரு கரி அடுப்பை மாட்டிவிட்டார்கள். அதில் கிளம்பும் கேஸில்தான் வண்டி ஓட வேண்டும். அன்று சின்னமனூர் தாண்டியதும் நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம்.

“பெட்ரோல விட இந்த கேஸு எவ்வளவோ மேலுங்க,” என்றார் கண்டக்டர். “கப்பலுக்குக் காத்துக் கெடக்க வேணாம். எல்லாம் நம்ம மலைக் கரி.”

“பெட்ரோலுன்னா உக்காந்து போனோம்யா. ஒங்க கேஸுக்குத் தள்ளிக்கிட்டுல்ல போறோம்!” என்று எரிந்து விழுந்தார், கல்யாணத்துக்குக் கட்டிய வெள்ளை வேட்டியெல்லாம் கரியாகியிருந்த ஒருவர்.

“கரி தீந்து போச்சுங்க, வேறொண்ணுமில்ல.”

கண்டக்டர் மேலே ஏறி, யாருடையதோ ஒரு கரி மூட்டையை இறக்கி அடுப்பில் கொட்டினார். கொஞ்ச நேரத்தில் வண்டி உறுமியது. எல்லோரும் ஏறினோம். ஒரு அம்மாள் மட்டும் வெறும் சாக்கை மடித்துக்கொண்டு ரோட்டிலேயே நின்றார்.

“ஏறு ஆத்தா, கம்பம் சந்தைக்கு நேரமாகுதுல்ல?”

“ஏலே, சந்தையில விக்க வச்சிருந்த கரியத்தான் நீ எரிச்சுப்புட்டியே. நான் அங்கன வந்து என்னத்த விக்க?”