இரண்டாவது பிரதி

இரண்டு வாங்குகிறவர்கள் மூன்றாக வாங்கிவிடுவது நல்லது. நீங்கள் என்றைக்காவது உங்கள் அலுவலகத்துக்கு சர்வர் வாங்குவதாக இருந்தால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்குள் தகராறு வந்தால் எது சொல்வது சரி என்று தீர்க்க மூன்றாவது ஒன்று வேண்டும். எங்கள் மருத்துவமனை நிர்வாகியிடமும் இதைத்தான் சொன்னேன். அவர் நன்றாகத் தலையை ஆட்டிவிட்டு இரண்டு வாங்கினார். அவர் தலையாட்டினால் காதில் விழுந்தது என்று அர்த்தமில்லை. அந்தக் கழுத்தால் சும்மா இருக்க முடியாது, அவ்வளவுதான்.

என் தங்கை இறந்ததற்கு மென்பொருள் கோளாறு காரணம் என்று உங்கள் போலீஸ் விசாரணையில் முடிவு செய்திருக்கிறீர்கள். அதனால்தான் நானாகவே வந்தேன். என்னை யாரும் சந்தேகப்படவில்லை என்று தெரியும். ஆனால் அந்த மென்பொருளில் கோளாறு எதுவும் இல்லை. அது சொன்னதைச் சொன்னபடி செய்தது. அந்தக் கட்டடத்தில் அப்படிச் செய்தது அது ஒன்றுதான். அதன் மேல் பழி போடுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அங்கே கணினிப் பிரிவுக்கு நான் தலைமை. புதிய ஏற்பாடு என்னவென்று உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். லினக்ஸ் என்ற இயங்குதளம் ஏற்றிய இரண்டு சர்வர்கள். அவற்றுக்குள் மெய்நிகர் கணினிகள் ஓடும். பெரிய வீட்டுக்குள் இருக்கும் குடித்தனக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு குடித்தனக்காரரிடம்தான் நோயாளிகள் விவரம் முழுவதும் இருந்தது. யாருக்கு என்ன மருந்து, யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது, எல்லாம். ஒரு சர்வர் படுத்துவிட்டால் மற்றது அந்தக் குடித்தனக்காரரைத் தன்னிடம் எழுப்பி ஓட்டும். வார்டில் இருப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. இதற்காக இரண்டுக்கும் நடுவே ஒரு கேபிள் போகிறது. அதன் வழியாக இரண்டும் ‘இருக்கிறாயா, இருக்கிறேன்’ என்று ஓயாமல் விசாரித்துக்கொள்ளும். ஒன்று எழுதுவதை மற்றது உடனே படியெடுத்துக்கொள்ளும்.

அந்தக் கேபிள் அறுந்தால்தான் சிக்கல். இரண்டும் உயிரோடு இருக்கும், இரண்டும் மற்றது செத்துவிட்டது என்று நினைக்கும். ஒரே குடித்தனக்காரர் இரண்டு வீட்டிலும் எழுந்து உட்கார்ந்து தனித்தனியாகக் கணக்கு எழுத ஆரம்பிப்பார். இதைத் தடுக்க ஃபென்சிங் என்று ஒன்று வைப்போம். பதில் வராத சர்வரின் மின்சாரத்தை மற்றது முதல் வேலையாகத் துண்டித்துவிடும். செத்துவிட்டது என்று நம்பினால் போதாது. சாகடித்து உறுதிசெய்துகொண்ட பிறகே அதன் வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். இதைக் கேட்டால் சிலருக்கு முகம் சுளிக்கிறது. எனக்கு அதில் ஒரு சுத்தம் தெரிகிறது.

இனி அவனைப் பற்றி, என் தங்கையின் புருஷனைப் பற்றி. அவன் என்னிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவன். ஒருநாள் நான் வீட்டுச் சாவியை மறந்து வந்துவிட்டேன். அதைக் கொடுக்கத் தங்கை வந்தாள். சர்வர் அறை குளிரில் அவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்துத் தன் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்தான். முழங்கையில் நூல் பிரிந்த ஸ்வெட்டர். அதற்கே அவள் மயங்கிவிட்டாள். அப்பா போன பிறகு அவளைப் படிக்க வைத்தது நான், அவளுக்குத் தலை பின்னிவிட்டது நான், காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான். ஒரு பழைய ஸ்வெட்டர் அதையெல்லாம் ஓரம்கட்டிவிட்டது. நான் கோபப்படவில்லை. கல்யாணத்துக்குப் புடவைகூட நான்தான் எடுத்தேன்.

பிரிவில் எல்லாரும் அவனை ‘அப்புறம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். எதைச் சொன்னாலும் “அப்புறம் பாத்துக்கலாம்க்கா” என்பான். அந்தப் பெயரை நான்தான் வைத்தேன் என்பது அவனுக்குத் தெரியாது. புதிய ஏற்பாட்டை நிறுவும் பொறுப்பை நிர்வாகி அவனிடம் கொடுத்தார். இளைஞர்கள் வரவேண்டும் என்றார். அவருடைய செல்போனில் கடிகாரம் தவறாக ஓடினால் அதைச் சரிசெய்ய என்னைத்தான் கூப்பிடுவார்.

அவன் நிறுவுவதை நான் பக்கத்து மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மோசம் என்று சொல்ல மாட்டேன். வழிகாட்டியில் இருந்ததை வரிக்கு வரி அடித்தான், சமையல் குறிப்பைப் பார்த்துச் சமைப்பவன் மாதிரி. ஃபென்சிங் வைத்த பிறகு சோதனை செய்யும்போது சர்வர்கள் ஒன்றின் மின்சாரத்தை மற்றது துண்டித்துக்கொண்டே இருந்தன. எங்கோ ஒரு அமைப்பு தவறு. அதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குப் பதில் ஃபென்சிங்கையே நிறுத்திவைத்தான்.

“இப்போதைக்கு ஆஃப் பண்ணி வெக்கிறேன்க்கா. எல்லாம் ஓடட்டும், அப்புறம் பாத்துக்கலாம்.”

“உன் இஷ்டம்,” என்றேன்.

இது தப்பு என்று நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். கேட்டால் சொல்வது என் வழக்கம். அவன் என்னிடம் கேட்கவில்லை, அறிவித்தான். திறப்பு விழாவுக்கு நிர்வாகி கோட்டுப் போட்டு வந்தார். இனிக் காகிதம் கிடையாது என்றார். பணி மாறும்போது நர்ஸுகள் ஒருவருக்கொருவர் நின்று விவரம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம், திரையைப் பார்த்தால் போதும் என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். என் தங்கையும் வந்து முன் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாள். வளையல் சத்தம் தனியாகக் கேட்டது.

பிறகு அவளுக்குக் குடல்வால் ஆபரேஷன். எங்கள் மருத்துவமனையிலேயே சேர்த்தோம். ஆபரேஷனுக்கு முன்னால் போய்ப் பார்த்தேன்.

“வந்துட்டியா மெஷினு,” என்றாள். சின்ன வயதிலிருந்து என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். “உனக்கும் ஒரு மாப்பிள்ளை பாக்கணும்க்கா. என்ன, அவரும் லினக்ஸ்லதான் ஓடணும்.”

“வாயை மூடிட்டுப் படு. வயித்தைக் கிழிக்கப் போறாங்க, பேச்சைப் பாரு.”

“சரி, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அவர்கிட்ட கொஞ்சம் அன்பா பேசுக்கா. ஒரே ஒரு தடவை. நீ நல்லாருக்குன்னு சொல்ல மாட்டியான்னு வீட்டுக்கு வந்து மூஞ்சியைத் தொங்கப்போட்டு உக்காந்திருக்கார். அவரும் உன்னை மாதிரி ஆகணும்னுதான் பாக்குறார்.”

“பாக்கலாம்,” என்றேன்.

என்னை மாதிரி ஆக வேண்டுமாம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அவளை மாடி வார்டுக்குக் கொண்டுபோனார்கள். மயக்கம் தெளியாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் கீழே வந்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று பிரிவில் எல்லாருக்கும் பிஸ்கட் கொடுத்தான். தன் சர்வரைப் பற்றியும் பேசினான். பாறை மாதிரி நிற்கிறதாம். எனக்கும் ஒரு பிஸ்கட் நீட்டினான்.

ஒரு ஏற்பாட்டை நிறுவினால் கேபிளைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். இது இந்தத் தொழிலில் பாலபாடம். பிடுங்கிப் பார்க்காத ஏற்பாட்டை ஓடுகிறது என்று சொல்லக் கூடாது. அவன் பிடுங்கிப் பார்க்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் சர்வர் அறைக்குப் போய்ப் பிடுங்கிப் பார்த்தேன்.

என் எண்ணத்தில் வேறு எதுவும் இல்லை. அவன் லட்சணம் தெரிய வேண்டும், அது அவள் அதே கட்டடத்தில் இருக்கும்போது தெரிய வேண்டும். அவள் கண் விழிக்கும்போது கட்டில் பக்கத்தில் நர்ஸுகள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க வேண்டும். அவளுக்கு நான் இதைச் சொன்னால் பொறாமை என்பாள். ஊர் சொன்னால் நம்புவாள்.

நான் நினைத்தபடியே ஆயிற்று. இரண்டு சர்வர்களும் அதே நோயாளி விவரத்தை எழுப்பி ஓட்டின. கீழ்த்தளத்துத் திரைகள் முதலாவதிடம் பேசின, மாடித் திரைகள் இரண்டாவதிடம். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மருந்துக் கடைக்காரர்தான் முதலில் போன் செய்தார். மாடியில் மாற்றி எழுதியதாகச் சொல்கிறார்கள், இங்கே பழையதே காட்டுகிறது என்றார். அந்த நேரத்தில் நான் போய்க் கேபிளைத் திரும்பச் சொருகிவிட்டேன். சொருகியதால் சரியாகிவிடாது. பிரிந்து தனித்தனியாக எழுதிய இரண்டும் மறுபடி சேர மறுத்தன. இரண்டில் ஒன்றின் பிரதியை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கி எறிய வேண்டும். எதை எறிவது என்று மென்பொருள் தானாக முடிவு செய்யாது. அது மனிதர்களைக் கேட்கும். அதற்கு நம் மேல் அவ்வளவு மரியாதை.

அவன் மேசையில் உட்கார்ந்து உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டே இருந்தான். காது சிவந்திருந்தது. நிர்வாகி வாசலில் நின்று, “என்னப்பா, எப்போ சரியாகும்” என்று கேட்டுக்கொண்டிருந்தார், மின்தூக்கிக்குக் காத்திருப்பவர் மாதிரி.

“அக்கா, எதை வெச்சுக்கிறது?”

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவன் எழுந்து நின்றான். இரண்டு பிரதிகளையும் திறந்து ஒப்பிட்டுப் பார்த்தேன். அவனாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்திருப்பான். முதலாவதில் ஆபரேஷன் அறை, அவசரப் பிரிவு, மருந்துக் கடை எல்லாம் இருந்தன. இரண்டாவதில் மாடி வார்டின் சில பதிவுகள் மட்டும். ஒருவருக்குக் கஞ்சி போதும். ஒருவருக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. ஒருவருக்கு ஊசி மருந்தைக் கையில் கொஞ்சம் போட்டுச் சோதித்ததில் தடித்துவிட்டது, இந்த மருந்து கொடுக்கவே கூடாது, டாக்டர் வேறு மருந்து மாற்றியிருக்கிறார். கட்டில் எண்ணைப் பார்க்காமலே அது யார் என்று தெரிந்துவிட்டது. பெயர் இருந்தது.

எந்த நிபுணரைக் கேட்டாலும் முதலாவதைத்தான் வைத்துக்கொள்ளச் சொல்வார். நானும் அதைத்தான் சொன்னேன். இரண்டாவதில் இருந்த சில வரிகளைக் கையால் எடுத்து இதில் சேர்த்திருக்கலாம்தான். அது நிறுவியவன் செய்ய வேண்டிய வேலை. அவன் அழிக்கும் கட்டளையை அடித்தான். இரண்டாவது சர்வர் முதலாவதைப் பார்த்து ஒழுங்காகப் படியெடுக்கத் தொடங்கியது. பார்க்க அழகாக இருந்தது. நிர்வாகி அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். அவனுடைய முதுகில்.

நான் மாடிக்குப் போய் நர்ஸிடம் ஒரு வார்த்தை சொல்லத்தான் நினைத்திருந்தேன். படிக்கட்டு வரைக்கும் போனேன். வழியில் டீ வந்தது, குடித்தேன். பகல் நர்ஸ் கைப்பையை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தாள். “தங்கச்சி நல்லா தூங்குதுக்கா” என்று சொல்லிவிட்டுப் போனாள். எல்லாம் திரையில் இருக்கிறது என்ற நம்பிக்கையில் அவள் அடுத்தவளிடம் எதுவும் சொல்லியிருக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். கைதட்டியவர்களில் அவளும் ஒருத்தி. மாற்றி எழுதிய டாக்டர் வேறு ஆபரேஷனில் இருந்தார். அடுத்து வந்த நர்ஸ் திரையைப் பார்த்தாள். திரையில் பழைய மருந்து இருந்தது. ஊசி போட்டாள். என் தங்கை தூக்கத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. அந்தப் பெண்ணை நீங்கள் விட்டுவிடலாம். அவளும் சொன்னதைச் செய்தவள்தான்.

அவன் இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறான். அம்மா அவனுக்குச் சோறு போடுகிறாள், அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறான். ஃபென்சிங்கை நிறுத்திவைத்ததால் தன் பெண்டாட்டியைத் தானே கொன்றுவிட்டதாக நினைக்கிறான். எல்லாரிடமும் அப்படித்தான் சொல்கிறான். அவனால் செய்ய முடியாத அளவுக்குப் பெரிய காரியம் இது. ஒரு கேபிளைச் சரியாகச் சொருகத் தெரியாதவனுக்கு இந்தப் பெயரும் போய்ச் சேருவது எனக்குச் சம்மதமில்லை. கேபிளைப் பிடுங்கியது நான், பிரதியைத் தேர்ந்தெடுத்தது நான். எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த வரி என் தங்கையுடையது என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் யாரிடமும் எதையும் மறைப்பவள் அல்ல.

சரியாகச் சொல்ல வேண்டுமென்றால், அவன் கேட்டான். கட்டளையை அடித்து முடித்து, கடைசிப் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் என் பக்கம் திரும்பினான்.

“மாடி வார்டு முழுக்க ரெண்டாவதுலதான்க்கா இருக்கு. அவளும் அங்கதான் இருக்கா. அவளோடது எதுவும் போயிடாதுல்ல?”

நான் அந்த வரியை இன்னொரு தடவை படித்தேன். பிறகு அவன் தோளில் கை வைத்தேன்.

“எதுவும் போகாது மாப்பிள்ளை. தைரியமா அழுத்துங்க. நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க.”

அவன் கண் கலங்கிவிட்டது. ஒரே ஒரு தடவை அன்பாகப் பேசு என்று கேட்டிருந்தாள். அவள் கேட்ட எதையும் நான் இல்லை என்று சொன்னதில்லை.