சனிக்கிழமை மட்டும்தான்

மூணு மூட்டை மக்காச்சோளத்துல ஒண்ணு மாவாப் போச்சு. வண்டு.

காரணம் யாரு? இதோ, நீ பிரிச்சு வச்சிருக்கியே, இந்தப் பொட்டி. மூடி எங்கன்னு பாக்காத. சுவத்துல பட்டு ஒடஞ்சுது. ஆமா, தானாப் பறந்து போயி பட்டுச்சு. ரேடியோ ரிப்பேரு பண்றவனுக்கு இந்தக் கேள்வியெல்லாம் எதுக்கு? வேலையப் பாரு, தம்பி.

புதன்கிழமை அஞ்சு மணிக்குத் தலைநகரு லிலோங்வேல இருந்து ஒரு பொண்ணு இதுல பேசும். விவசாய நேரம். மம்பட்டி புடிச்சிருக்குமோ என்னமோ... எனக்குச் சோளம் சேத்து வைக்கச் சொல்லிக்குடுக்குது! மருந்து தூவாதீங்க, மூணடுக்குப் பையில போடுங்க, காத்தப் பிதுக்கிட்டு இறுக்கிக் கட்டுங்க, வண்டு மூச்சு முட்டிச் செத்துரும். ஆகா! வண்டுக்கு மூச்சு முட்டுமாம்!

எம் பொண்டாட்டிக்கு அது வேதவாக்கு. எங்க முத்தத்துல முப்பது பொம்பளைங்க உக்காந்து கேக்குறாங்க. சங்கமாம். இவ தலைவியாம். ஏப்ரல்ல அறுத்து, காயவச்சு, மூணு பையையும் கட்டிட்டா. டிசம்பர் வரைக்கும் தொடக்கூடாதுன்னு உத்தரவு.

நாப்பது வருஷமா இந்த ஊருல வீட்டோட மாப்பிள்ளை நான். நிலம் அவளுது, குதிரு அவளுது. சரி. பாக்கக்கூடவா உரிமை இல்ல? சனிக்கிழமை அவ சர்ச்சுக்குப் பாட்டுப் பழகப் போவா. நான் பிரிப்பேன், கைய விட்டுப் பாப்பேன், கட்டிருவேன். செத்துச்சா இல்லையான்னு பாக்க வேணாமா?

ஆகஸ்ட்டுல நாலு வண்டு. உசுரோட! நான் சொன்னேன்ல... அப்புறம் ரெண்டு மூட்டையப் பின்னால தள்ளிட்டா. என் இடுப்பு வலிக்கு, முன்னால இருந்த ஒண்ணுதான் எட்டுச்சு. அதையே பாத்துட்டு வந்தேன். டிசம்பர்ல அவ பிரிச்சா, மாவு கொட்டுது.

விடுவேனா? போன வாரம் புதன், நிகழ்ச்சி ஓடும்போதே வீட்டுக்குப் பின்னால நின்னு போனப் போட்டுட்டேன். "ஏம்மா, வண்டு வளக்கவா பை குடுத்தீங்க?" அந்தப் பொண்ணு, குரல்ல தேன், "அய்யா, எத்தன தடவ தொறந்தீங்க?"ன்னு கேக்குது. நான் என்ன திருடனா? "சனிக்கிழமை மட்டும்தாம்மா"ன்னேன்.

மட்டும்!

அங்க அது சிரிப்ப அடக்குது. முத்தத்துல ரேடியோவுல கேட்டுட்டிருந்த முப்பது பேரும் அடக்கல. அதுக்கப்புறம்தான் பொட்டி... பறந்துச்சு. நீயும் சிரிக்காத. வயரப் பத்தவையி.

கோவத்துல உள்ள போயி மத்த ரெண்டையும் பிரிச்சேன். சக்கை, தம்பி. வெறும் கதிர்ச் சக்கை. ஒரு மணி இல்ல. அடுத்த அறுப்பு ஏப்ரல்லதான். வீட்டுல ஒம்போது வாயி. மாங்கா தின்னு எத்தன நாளு ஓட்ட? அப்படியே கீழ உக்காந்துட்டேன்.

அவ வாசப்படியில நின்னு சொல்றா: "முடிச்சு நான் போட்ட முடிச்சு இல்லன்னு ஆகஸ்ட்டுலயே பாத்தேன். ரெண்டு மூட்டையச் சலிச்சு, வெயில்ல போட்டு, திரும்பக் கட்டி, எங்கண்ணன் வீட்டுக் கட்டிலுக்கடியில வச்சுட்டு, இங்க சக்கையக் கட்டி வச்சேன். உங்களுக்குன்னு ஒண்ணு விட்டு வச்சேன். சனிக்கிழமை பொழுது போகணும்ல?"

நாப்பது வருஷக் குடித்தனம். பாத்தியா?

நேத்து அதுல ஒண்ணப் பிரிச்சோம். அவ பிரிச்சா, நான் தள்ளி நின்னேன். மணி போட்டது போட்ட மாதிரி கெடக்கு. ரெண்டு வண்டு, செத்து வெறச்சுப் போயி.

நேத்து புதன் வேற. முப்பது பேரும் வந்தாங்க. ரேடியோ இல்ல. முழுசா ஒரு மணி நேரம் என்னையே பாத்துட்டுப் போனாங்க. அடுத்த புதனுக்குள்ள இது பேசியாகணும், கேட்டியா? உரம் எப்போ போடணும்னு சொல்லுமாம்.

என்ன, சீட்டுல பேரா? எம் பேரு எதுக்கு? பொட்டி சங்கத்தோடது. ஒடச்சது நான். ஏப்ரல் வரைக்கும் ஒம்போது வாயிக்கும் களி கிண்டப்போறவ பேர எழுது.

எனலேசி.