சத்தமில்லாம வீட்டுக்குப் போகணும்

— மாமா, நான் சொல்றதைக் கேளுங்க. இந்த சைலன்சர் குழாய் இப்படியே கிடக்கட்டும். ஓட்டையை மட்டும் அடைச்சுத் தர்றேன்.

— எந்த ஓட்டையை அடைப்பே? குழாயில ஓட்டை இருந்தா அடைக்கலாம். இங்க ஓட்டையிலதான் கொஞ்சம் குழாய் மிச்சம் இருக்கு. புதுசைப் போடு மாப்ள.

— பழைய பிக்கப்புன்னா உறுமத்தான் செய்யும். அதுதான் அதுக்கு ஒரு கெத்து.

— கெத்தாம் கெத்து! நான் தெருமுனையில திரும்பும்போதே எல்லாருக்கும் தெரிஞ்சுபோகுது. வீட்டுக்குள்ள போனா டிவி அணைஞ்சிருக்கு. அதுக்குப் பின்னாடி கை வச்சா சுடுது. உன் மருமக என்னடான்னா போன வருஷப் புத்தகத்தைத் திறந்து வச்சுக்கிட்டு விழுந்து விழுந்து படிக்கிறா. உங்கக்கா வாசல்ல வந்து நின்னு, "அட, வந்துட்டீங்களா"ன்னு ஆச்சரியப்படுறா!

— அக்கா பாசமாத்தானே கேக்குது.

— என்ன பெரிய பாசம்! நான் இல்லாதப்ப என் வீட்டுல என்ன கூத்து நடக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். ஒரே ஒரு நாள், பூனை மாதிரி போய் நடு வீட்டுல நிக்கணும். அது போதும் எனக்கு.

— வேணாம் மாமா. வீட்டுல நிம்மதி போயிடும்.

— பார்த்தியா! நீ பதறுறதைப் பார்த்தாலே தெரியுதே. அக்காவும் தம்பியும் கூட்டு. கழட்டு, இப்பவே கழட்டு!

— அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது, ஆமா. அந்த எண்ணெய் டப்பாவை இப்படித் தள்ளுங்க. போல்ட்டு துருப்பிடிச்சு இறுகிக் கிடக்கு.

— வருதா?

— அசைய மாட்டேங்குது. அறுத்துத்தான் எடுக்கணும். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கோங்க, பொறி பறக்கும்... ஆச்சு. பிடிங்க.

— ஐயையோ, சட்டையெல்லாம் துரு!

— அதை அப்புறம் பார்க்கலாம். புதுக் குழாயைத் தூக்குங்க. இன்னும் மேல. ரப்பர்ல மாட்டுற வரைக்கும் அசையாதீங்க.

— கை கழண்டுடும் போல இருக்கே மாப்ள.

— பூனையாகணும்னா சும்மாவா? வண்டி அடியில படாம ஒரு விரல் இடைவெளி விடணும், இல்லேன்னா குழியில இறங்கும்போதெல்லாம் தட்டும். இடது பக்கம் கொஞ்சம்... போதும். கிளாம்ப்பை இறுக்கிட்டேன். போய் ஸ்டார்ட் பண்ணுங்க.

— பண்ணி எவ்வளவு நேரம் ஆச்சு!

— நிஜமாவா?

— எனக்கே கேக்கலப்பா! இது என் வண்டிதானா?

— உங்க வண்டியேதான். ஜாயின்ட்ல கை வச்சுப் பார்த்துட்டேன், புகை எங்கயும் கசியல. மாமா, வண்டிதான் இவ்வளவு சாதுவாயிடுச்சே. அக்காவும் ஓட்டணும் ஓட்டணும்னு ரொம்ப நாளா கேக்குது, ஒரு தடவை குடுத்துப் பாருங்களேன்.

— யாரு, அவளா? என் வண்டியையா? நான் கண்ணு முழிச்சுக்கிட்டு இருக்கிற வரைக்கும் அது நடக்காது! சரி, நான் கிளம்புறேன். இன்னைக்கு எல்லாரும் கையும் களவுமா மாட்டப் போறாங்க பாரு!

— பார்த்துப் போங்க மாமா... ஹலோ, அக்கா? கிளம்பிட்டார். சத்தமே வராது, டிவியை உடனே அணைச்சுடு.

— அணைச்சு, ஈரத்துணியும் போட்டுத் தொடைச்சாச்சு. அவருக்கு ஏதும் சந்தேகம்?

— ம்ஹும். நீ சொன்ன மாதிரியே வேணாம் வேணாம்னேன். அவரே அடம்பிடிச்சு மாட்டிக்கிட்டார். எனக்குத்தான் புரியலக்கா. பழைய சத்தம் இருந்தா உங்களுக்குத்தானே வசதி?

— போடா, டிவி கிடக்குது! அடுத்த வாரம் எனக்கு லைசென்ஸ் டெஸ்ட். ஓட்டிப் பழகலாம்னு எத்தனை மதியம் ஆசையா சாவியைக் கையில எடுத்திருப்பேன் தெரியுமா? அந்தப் பாழாப்போன உறுமல்ல அவர் தூக்கம் கலைஞ்சிடுமேன்னு திரும்ப வச்சிடுவேன். நாளைக்கு அவர் குறட்டை விட ஆரம்பிச்சதும் வண்டியோட உன் பட்டறை வாசல்ல வந்து நிப்பேன், பக்கத்து சீட்டுல ஏறிக்கோ.